ஐந்தாம் வகுப்புச் சேறு

ஆடிக் கடைசியில் முக்கொம்பு அணையில் திறந்துவிட்ட தண்ணீர் கொள்ளிடத்தின் கரையைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் பஞ்சக்கரைப் பக்கம் இருந்த ஒரு தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. போகும்போது ஐந்து வகுப்பறைகளிலும் முழங்கால் உயரத்துக்குச் சேற்றை விட்டுச் சென்றது. அதற்காக ஆற்றின் மேல் யாருக்கும் பெரிய கோபம் இல்லை. வந்தது, போனது. நன்றி சொல்லச் சொல்லி அது யாரையும் வரிசையில் நிற்க வைக்கவில்லை.

பெற்றோர்கள் மண்வெட்டியும் இரும்புச் சட்டியுமாக வந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வரிசையாக அள்ளிக்கொண்டு போனார்கள். நான்காம் வகுப்பு முடிந்தபோது இருட்டிவிட்டது. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் என்று ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அன்றைக்குச் சீக்கிரம் இருட்டியதைத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை ஐந்தாம் வகுப்பு ஆசிரியை கமலவல்லி வந்து சேர்ந்தபோது பெற்றோர்கள் சட்டிகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அறை பூட்டியிருந்தது. சாவி தலைமையாசிரியர் சக்ரபாணியின் கையில் இருந்தது.

"டீச்சர், அஞ்சாங் க்ளாஸை யாரும் தொட வேண்டாம். சனிக்கிழமை தன்னார்வலர்கள் வராளாம்" என்றார்.

"ஒரு ரூம்தானே சார். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். எல்லாரும் வந்து நிக்கிறாங்க."

"அதான் கூடாதுங்கறா. ஜில்லா முழுக்கத் தேடியிருக்கா. எங்க போனாலும் அவா போறதுக்குள்ள ஜனங்களே அள்ளிப் போட்டுடறாளாம். சேறு மிச்சம் இருக்கறது நம்ம பள்ளிக்கூடத்துல மட்டுந்தான். பெருமாள் அனுக்ரஹம்னு வெச்சுக்கோங்கோ."

கமலவல்லிக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவருக்கு எப்போதும் அப்படித்தான். உறையூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி வருபவர். சொல்ல வேண்டிய பதில்களெல்லாம் மாலையில் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் அவருக்குத் தோன்றும். அதற்குள் கேள்வி கேட்டவர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை பஸ் வந்தது. வந்தவர்கள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் பனியனும் கையுறையும் அணிந்திருந்தார்கள். 'மண்ணில் மனிதம்' என்ற பேனர் முதலில் இறங்கியது. அதன் பிறகு மனிதர்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர் ஜனார்தன். 'பேரிடர் கடந்த பள்ளிகளின் மீட்டெழுச்சிக் கூட்டமைப்பு' என்ற அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் அவர். தணிந்த குரலில், யாரையும் புண்படுத்தாமல் பேசுவார்.

பதினொரு மணி வரைக்கும் அள்ளினார்கள். ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை தெரிந்தது. அந்தத் தரையில் பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு ஹோட்டலில் சொல்லியிருப்பதால் கிளம்பினார்கள்.

"மிச்சம் சார்?" என்றார் கமலவல்லி.

"மிச்சம் அடுத்த கூட்டாளிகளுக்கு" என்றார் ஜனார்தன். "வாரம் ஒரு நிறுவனம் டீச்சர். முதல்ல வந்தவங்களே முழுசும் அள்ளிட்டா அப்புறம் வர்றவங்க மனசு கஷ்டப்படும் இல்லையா? நீங்க இதை ஒரு ரூம்னு பாக்குறீங்க. நாங்க வாய்ப்புன்னு பாக்குறோம்."

"பிள்ளைங்க எங்க ஒக்காருவாங்க?"

"ரொம்ப நல்ல கேள்வி" என்று அவர் மனமாரப் பாராட்டினார்.

ஐந்தாம் வகுப்பு சத்துணவுக் கூடத்துக்குப் போனது. அது சமையல்கட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. காலையில் பாடம் நன்றாகத்தான் நடந்தது. சாம்பாருக்கு மிளகாய் தாளிக்கும் நேரம் வந்தால் முதல் வரிசை இருமும், பிறகு இரண்டாம் வரிசை, பிறகு கமலவல்லி. எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு இருமல் மட்டும் நிற்காது. அது வைஷ்ணவியின் இருமல். அவள் இருமிக்கொண்டே எழுதுவாள். எழுத்து மட்டும் கோணாது. கமலவல்லி அந்தக் கையெழுத்தை வேறு வகுப்புகளுக்கு எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

சில வாரங்கள் போனதும் ஒரு சிக்கல் வந்தது. புரட்டாசி வெயிலில் சேறு காய்ந்துவிட்டது.

ஜனார்தன் கவலையோடு வந்தார். "காஞ்ச சேத்துல ஒரு உணர்வு வரமாட்டேங்குது டீச்சர். வெட்டினா புழுதிதான் பறக்குது. போன வாரம் வந்தவங்க முகத்துல ஒரு தெறிப்பு கூட இல்ல. படத்துல பாத்தா ஏதோ கட்டட வேலைக்கு வந்தவங்க மாதிரி இருக்காங்க. காலைல கொஞ்சம் தண்ணி தெளிச்சு வெச்சீங்கன்னா போதும்."

கமலவல்லி சக்ரபாணியைப் பார்த்தார். சக்ரபாணி நெற்றித் திருமண்ணை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறவர். அதுவரை எந்தக் காரியமும் தன்னால் நின்றதாக இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

"இதுல தப்பா நினைக்க ஒண்ணும் இல்ல டீச்சர். நம்பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்றாளே, அவர் அழுக்கா இருக்கார்னா பண்றா? கைங்கர்யம் பண்றவாளுக்கு ஒரு பாக்யம் வேணும், அதுக்காகப் பண்றா. அப்படி எடுத்துக்கணும்."

திருமஞ்சனத்துக்கு முதல் நாள் யாரும் பெருமாள்மேல் சேறு பூசி வைப்பதில்லையே என்பது கமலவல்லிக்கு அன்று மாலை பாலத்தில் தோன்றியது.

மறுநாள் முதல் தினம் இருவர் என்று அவர் முறை வைத்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு வாளி தண்ணீரைச் சேற்றில் தெளிக்க வேண்டும். குழாயடியில் அடித்துக்கொள்ளக் கூடாது. மூலைகளில் முதலில் தெளிக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் சீக்கிரம் காய்கிறது. தெளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நாளைக்கு யார் முறை என்று அடுத்தவனுக்கு நினைவுபடுத்த வேண்டும். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அதை ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. வைஷ்ணவி ஒரு நாளும் தன் முறையைத் தவறவிடவில்லை. ஒரு நாள் கமலவல்லி வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

இதற்கிடையில் ஒரு விபத்து நடந்தது. ஒரு விடுதியிலிருந்து வந்த பாலிடெக்னிக் மாணவர்கள், படம் எடுப்பார்கள் என்பது தெரியாமல், வந்ததும் வேலையில் இறங்கிவிட்டார்கள். ஜனார்தன் பஸ்ஸிலிருந்து பேனரை எடுத்து வருவதற்குள் பாதி அறை முடிந்துவிட்டது.

"நிறுத்துங்க தம்பி! நிறுத்துங்க!" அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள். "அடுத்து வர்றவங்களுக்கும் கொஞ்சம் விட்டு வைங்கப்பா. நம்மகிட்ட சுயநலம் இருக்கக் கூடாது."

மாணவர்கள் வெட்கப்பட்டு மண்வெட்டிகளைக் கீழே வைத்தார்கள். ஒருவன் மன்னிப்புக் கேட்டான். கமலவல்லி கதவோரம் நின்று தன் வகுப்பின் சிவப்புத் தரையைப் பார்த்தார். நெடுநாள் ஊருக்குப் போயிருந்த ஒருவர் தெருமுனையில் தெரிவதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை அந்தத் தரையின்மேல் புதுச் சேறு வந்து இறங்கியது. அரியமங்கலத்தில் ஏதோ ஒரு பட்டறைக்கு அஸ்திவாரம் தோண்டிய மண். படம் எடுப்பவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. செம்மண்ணாக இருக்கிறது, முந்தைய படங்களோடு நிறம் ஒத்துவராது என்றார். அதை அப்படியே அள்ளித் திருப்பி அனுப்பினார்கள். அதை அள்ளியவர்கள் கூலியாட்கள் என்பதால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதையும் யாரும் படம் எடுக்கவில்லை.

கொள்ளிடத்திலேயே எடுக்கலாம் என்றால், ஆற்றில் கை வைக்க அனுமதி வேண்டும். கடைசியில் அம்மாசியைப் பிடித்தார்கள். அம்மாசி வைஷ்ணவியின் அப்பா. கொள்ளிடக்கரையில் குத்தகைக்கு வாழை போட்டிருந்தவர். அதே வெள்ளம் அவர் வாழையையும் சாய்த்து, மேலே வண்டலைப் போட்டு மூடியிருந்தது. அவரிடம் ஒரு சிறிய சரக்கு வண்டி இருந்தது.

முதல் நடையைக் கொட்டிவிட்டு அவர் ஜனார்தனிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"தாராளமா கேளுங்க."

"என் தோட்டத்துல இதே சேறு இடுப்பு மட்டும் கெடக்கு. அள்ள ஆள் இல்ல. அதை நான் ஒருத்தனா அள்ளி, வண்டில ஏத்தி, இங்க கொண்டாந்து கொட்டுனா, அள்ளுறதுக்கு பஸ்ஸு பஸ்ஸா ஆள் வராங்க. அந்த பஸ்ஸை நேரா தோட்டத்துக்கே விட்டுட்டா எனக்கும் ரெண்டு வேலை மிச்சம், அவங்களுக்கும் அள்ள நெறையக் கெடைக்கும்ல?"

ஜனார்தன் அவர் தோளில் கை வைத்தார். "உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா எங்க களம் கல்வி. உங்க தோட்டம் விவசாயத்துல வருது. விவசாயத்துக்கு வேற கூட்டமைப்பு பாக்குறாங்க."

"அவங்க எங்க இருக்காங்க?"

"இன்னும் ஆரம்பிக்கல."

அம்மாசி தலையாட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போனார்.

கூட்டமைப்பு தன் பணியைப் பாராட்டிக்கொள்ளும் விழா ஐப்பசி தொடக்கத்தில் பள்ளி முற்றத்தில் நடந்தது. அதற்கு முன்னால் ஹம்ஸா என்ற மனநலத் தன்னார்வலர் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தினார். அன்பானவர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கனிவாகச் சொன்னார்: "சிரிங்க கண்ணுங்களா. ஆனா முழுசா சிரிச்சிடக் கூடாது. இன்னிக்குப் பாதிதான். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். அப்பதான் முன்னேற்றம் தெரியும்."

பிறகு வெள்ளம் பற்றிய பயத்தை வரையச் சொன்னார். வைஷ்ணவி ஒரு பஸ் வரைந்தாள்.

"பஸ் வெள்ளத்துல மாட்டிக்குச்சா?"

"இல்ல மிஸ். வருது."

ஹம்ஸா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, போக்குவரத்து தொடர்பான அச்சம் என்றார்.

சிறப்பு விருந்தினர் ஒரு நிறுவனத்தின் தலைவர். பந்தலின் கீழே நின்று வெயிலில் இருந்த பிள்ளைகளிடம் உருக்கமாகப் பேசினார்.

"வெள்ளம் வந்தப்ப நாங்க எல்லாரும் டி.வி.யில பாத்தோம். மனசு பதறுச்சு. அந்த நேரத்துல எங்க ஆபீஸ்ல மேனேஜர்களுக்கும் ஊழியர்களுக்கும் பேச்சே இல்ல. எங்க போய் ஒத்துமையாகறதுன்னு தேடிட்டிருந்தோம். மலைவாசஸ்தலத்துக்குப் போலாம்னாங்க. செலவு அதிகம். அப்பதான் கடவுளாப் பாத்து இந்த அறையைக் காட்டினார். இந்தச் சேத்துல எறங்கின பிறகு எங்க ரெண்டு டிபார்ட்மென்ட் பேச ஆரம்பிச்சிடுச்சு. குடுக்க வந்தோம்னு நெனச்சோம். உண்மையைச் சொன்னா, எடுத்துக்கிட்டுத்தான் போறோம். வருஷா வருஷம் இப்படி ஒரு வெள்ளம் வரணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வந்தா, நாங்க தயார்."

பலமான கைதட்டல். பிள்ளைகள் பாதி சிரித்தார்கள்.

விழா முடிந்ததும் அம்மாசி கமலவல்லியைத் தேடி வந்தார். பந்தலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், வைஷ்ணவிக்கு டி.சி. வேணும்."

கமலவல்லி பந்தலை விட்டு வெளியே வந்தார்.

"ராத்திரியெல்லாம் இருமுது. ஏன்டா இந்தக் கொட்டாயில ஒக்காந்திருக்குன்னு பாத்தா, உள்ள சேறு கெடக்கு. யாரு கொட்டுன சேறுன்னு பாத்தா, நான் கொட்டுனது. என் புள்ளைய நானே வெளில தள்ளிட்டு வண்டி வாடகை வாங்கிட்டுப் போயிருக்கேன் டீச்சர். மழை எறங்கிடுச்சுன்னா அந்தத் தகரத்துக்குக் கீழ ஒரு புள்ள ஒக்கார முடியாது."

"எங்க சேக்கப் போறீங்க?"

"மருங்காபுரில என் தங்கச்சி இருக்கு. வறண்ட காடு. அங்க ஆறு இல்ல, வெள்ளம் வராது. வெள்ளம் வராட்டி இவங்களும் வர மாட்டாங்க."

பாலம் வரும்வரை காத்திருக்க இந்த முறை கமலவல்லிக்கு நேரம் இல்லை. "சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க" என்றார். "அதுக்குள்ள ரூமை வாங்கிடறேன். அவ இங்கதான் படிக்கணும்."

அன்றே ஜனார்தனிடம் கேட்டார். கடைசி நிறுவனம் எப்போது வருகிறது?

"இப்பதான் சூடு பிடிச்சிருக்கு டீச்சர். தீபாவளி முடியட்டும், அப்புறம் பாருங்க. கார்த்திகை வரைக்கும் இடமே இல்ல. ஒரு நிறுவனம் குடும்பத்தோட வர்றோம்கறாங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சக்ரபாணி ஆடிட் விஷயமாக டவுனுக்குப் போயிருந்தார். கமலவல்லி அவர் மேசையிலிருந்து சாவியை எடுத்தார். அம்மாசியும், அன்றைக்குச் சட்டியோடு வந்து திரும்பிப் போன அதே பெற்றோர்களும் வந்தார்கள். யாரும் பேசவில்லை. பேனரும் இல்லை. சேற்றை அள்ளி மதிலோரமாகக் குவித்தார்கள். தரையைக் கழுவித் தென்னந்துடைப்பத்தால் தள்ளினார்கள். பள்ளி விடும் முன்பே வேலை முடிந்துவிட்டது. அவ்வளவுதானா என்பதுபோல் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

கமலவல்லி பிள்ளைகளை உள்ளே அழைத்தார். அவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். பிறகு வந்து ஈரத் தரையில் அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். வைஷ்ணவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அஜித். கமலவல்லி கரும்பலகையில் தேதி எழுதினார். சாக்பீஸ் கிறீச்சிடும் சத்தம் அறைக்குள் எதிரொலித்தது. மணி அடிக்கும் வரை யாரும் இருமவில்லை.

அம்மாசி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க டீச்சர்" என்றார். "நாளைக்கு அவங்க வந்து என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு, டி.சி.யைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

மறுநாள் சனிக்கிழமை. சத்திரத்தில் பஸ் மாறும்போதே தூறல் தொடங்கிவிட்டது. கமலவல்லி வகுப்பில் மாட்டுவதற்கு வீட்டிலிருந்து ஒரு காலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். ஜனார்தனிடம் சொல்ல வேண்டியதையும் முன்கூட்டியே, பாலத்துக்கு முன்பே, தயார் செய்துவிட்டார். அறை சுத்தமாகிவிட்டது, இனி பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள் என்பது மட்டும்தான். அதைச் சொல்வது கடினம் இல்லை என்று தோன்றியது.

பள்ளி நடையில் சேற்றுக் கால் தடங்கள் இருந்தன. எல்லாம் சின்னக் கால்கள். அவை மதிலோரக் குவியலிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போயிருந்தன.

உள்ளே ஐந்தாம் வகுப்பு முழுவதும் இருந்தது. சத்துணவுத் தட்டுகளில் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து பரப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர்களை ஒட்டிக் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருந்தது. வாசலில் ஒரு பாய் அளவு இடம் காலியாக விட்டிருந்தார்கள், படம் எடுப்பதற்கு.

"யாரு இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல டீச்சர்" என்றான் அஜித்.

வைஷ்ணவி தட்டைக் கீழே வைத்தாள். "இன்னிக்கு சனிக்கிழமைல்ல டீச்சர். அவங்க வருவாங்க. ஒண்ணுமே இல்லன்னா ஏமாந்து போயிடுவாங்க."

"மழைல வேற வராங்க, பாவம்" என்றாள் இன்னொருத்தி.

பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பாராட்டுக்காகக் காத்திருக்கும்போது அவர்கள் நிற்கிற விதம் அவருக்குத் தெரியும். யார் செய்யச் சொன்னது என்ற தன் கேள்விக்கு இந்தத் தடவை பதில் உடனே தோன்றிவிட்டது. மூலையில் முதலில், பிறகு நடுவில், அடித்துக்கொள்ளாமல், முறை தவறாமல். சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை.

பஸ் வந்து நின்றது. ஜனார்தன் குடையோடு ஓடிவந்தார். மதிலோரத்தில் பாதிக் குவியலையும் பிள்ளைகளின் கைகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கின.

"டீச்சர், இதைத்தான் நாங்க எதிர்பார்த்தோம். இதுக்குப் பேருதான் சமூகப் பங்கேற்பு. இனிமே நாங்க வராட்டியும் இது தானா நடக்கும்."

அவருக்குப் பின்னால் அம்மாசி வந்து நின்றிருந்தார். அவர் அறையைப் பார்த்தார், மகளின் கைகளைப் பார்த்தார், பிறகு மழையைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"டி.சி. குடுத்துடுங்க டீச்சர்."

சக்ரபாணி கையெழுத்துப் போட்டார். "போற எடத்துல க்ஷேமமா இருக்கட்டும்" என்றார்.

மழை வலுத்தது. தன்னார்வலர்கள் ஐந்தாம் வகுப்புக்குள் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் சத்துணவுக் கூடத்துக்குப் போனார்கள். தகரத்தின் மூன்று நான்கு இடங்களில் தண்ணீர் ஒழுகியதால் ஒரு பக்கமாக நெருக்கி நின்றுகொண்டார்கள். கமலவல்லி காலண்டரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடையில் நின்றார். அம்மாசி மகளைத் தூக்கி வண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்து, எஞ்சினைக் கிளப்பினார்.

வண்டி வாசலைத் தாண்டும் முன் நின்றது. வைஷ்ணவி குதித்து இறங்கி மழையில் ஓடிவந்தாள். எதையோ மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று கமலவல்லி நினைத்தார். அவள் நேராகக் குழாயடிக்குப் போய் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள்.

"வைஷ்ணவி, என்னம்மா?"

"இன்னிக்கு என் முறை டீச்சர்."

"மழை பெய்யுதே."

"உள்ள பெய்யாதே டீச்சர்."

இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தன்னார்வலர்கள் விலகி வழி விட்டார்கள். ஒருவர் செல்போனை எடுத்தார். அவள் மூலைகளில் முதலில் தெளித்தாள். பிறகு சுவரோரம், பிறகு நடுவில். சிதறாமல், ஒரே சீராக. முடித்ததும் வாளியைக் கவிழ்த்து அதன் இடத்தில் வைத்தாள். கொட்டகைப் பக்கம் திரும்பி, மழைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி கத்தினாள்:

"டேய் அஜித்து! திங்கக்கெழமை நீ. மறந்துடாத!"